‘கேஷ்’ நம்ம காசுதானா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றிவரும் பட்டியல் ஒன்று உண்டு. ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் வரிசையாக நிற்கும். நடுவில் காசும் இருக்கும்: “கேஷ் என்ற சொல்லே நம் காசிலிருந்து போனதுதான், தமிழனாக இருந்தால் பகிரவும்.” கட்டுமரத்திலும் மிளகுத்தண்ணியிலும் சிக்கல் இல்லை. காசு விஷயத்தில் மட்டும் அந்தப் பட்டியல் பாதிதான் சரி. ஏன் பாதி என்று கேட்டால், பதில் சொல்வதற்குக் காசு என்ற சொல் எங்கெல்லாம் போய் வந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று இருக்கும் நிலையிலிருந்தே தொடங்கலாம். “கையில் காசு இல்லை” என்றால் பொதுவாகப் பணம் இல்லை என்று பொருள். “ஐம்பது காசு” என்றால் அரை ரூபாய். இங்கே காசு என்பது பைசா. “பொற்காசு” என்றால் தட்டையாக, வட்டமாக, முத்திரை குத்திய ஒரு நாணயம். ஆக, ஒரே சொல் பணம் முழுவதையும் குறிக்கிறது, அதன் ஆகச் சிறிய துண்டையும் குறிக்கிறது, அந்தத் துண்டு செய்யப்பட்ட பொருளையும் குறிக்கிறது. நமக்கு இதில் குழப்பமே வருவதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஊருக்கு ஊர் இதன் எடையும் மாறும். தமிழ்நாட்டில் எழுதும்போது ‘பணம்’ என்று எழுதிவிட்டுப் பேசும்போது ‘காசு’ என்போம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணத்துக்கு இயல்பாக வாயில் வரும் சொல்லே காசுதான். சிங்கப்பூர்த் தமிழில் டாலர் வெள்ளியாகிவிட்டது, சென்ட் காசாகிவிட்டது. மலையாளம், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் இதே சொல் நாணயம் என்ற பொருளில் இருக்கிறது. காசி நகரத்துக்கும், உலகைக் குறிக்கும் காசினிக்கும் இதனோடு உறவில்லை; ஒலி ஒற்றுமை மட்டும்தான்.

கிளியின் அலகில் ஒரு காசு

சரி, பழைய இலக்கியத்தில் காசு எப்படி வருகிறது? குறுந்தொகையின் 67ஆம் பாடல், அள்ளூர் நன்முல்லையார் பாடியது. தலைவன் பொருள் தேடிப் பாலைவழி போய்விட்டான்; நம்மை நினைக்கமாட்டானா என்று தோழியிடம் தலைவி கேட்கிறாள். பாட்டு அவ்வளவுதான். ஆனால் அவன் போன காட்டைச் சொல்லும்போது ஒரு காட்சி வருகிறது. அங்கே ஒரு கிளி, வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? “புதுநாண் நுழைப்பான் நுதிமாண் வள்ளுகிர்ப் பொலங்கல ஒருகாசு ஏய்க்கும்.” அறுந்துபோன பழைய நூலுக்குப் பதிலாகப் புது நூல் கோக்கிறவர், கூரிய நகங்களுக்கு இடையே பொன் அணியின் ஒரு காசைப் பிடித்திருப்பது போல.

இந்தக் காசை நாணயம் என்று எடுத்துக்கொள்ளலாமா? வேப்பம்பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சளாக, பளபளப்பாக, சற்றே நீண்ட உருண்டையாக இருக்கும். தட்டையான நாணயத்துக்கும் அதற்கும் உருவ ஒற்றுமை இல்லை. நூல் நுழைகிற துளை உள்ள, உருண்ட பொன்மணியாக இருந்தால்தான் உவமை பொருந்தும். நிறம், வடிவம், இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் நகம், இரண்டு பக்கமும் வளைந்து பிடிக்கும் அலகு என்று எல்லாம் கச்சிதமாக உட்காரும். எனக்கு இது மணிதான் என்பதில் சந்தேகமில்லை.

திருமுருகாற்றுப்படையில் “பல்காசு நிரைத்த சில்காழ்” என்று வருகிறது. காழ் என்றால் வடம், சரம். பல காசுகளை வரிசையாகக் கோத்த சில வடங்கள், பெண்கள் இடையில் அணிவது. இங்கேயும் காசு கோக்கப்படுகிறது. எண்ணிக் கொடுக்கப்படவில்லை.

இந்தப் பொருள் சங்க காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. மார்கழி மாதம் திருப்பாவை கேட்டிருப்பீர்கள். “கீசுகீசு என்று எங்கும் ஆனைச்சாத்தன்” என்று தொடங்கும் ஏழாம் பாசுரத்தில், ஆய்ச்சியர் தயிர் கடையும்போது “காசும் பிறப்பும் கலகலப்பக் கைபேர்த்து” என்கிறார் ஆண்டாள். மத்தை இழுத்து இழுத்துக் கடையும்போது கழுத்து நகைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிடுகின்றன. காசு, பிறப்பு இரண்டும் நகைகளின் பெயர்கள். அச்சுத்தாலி, ஆமைத்தாலி என்று உரைகாரர்கள் விளக்குவார்கள்.

இங்கே கொஞ்சம் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரலாம். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய நான்கில் ஒன்றின் அமைப்பில் முடிய வேண்டும் என்று தமிழ் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முதல் குறளின் ‘உலகு’ பிறப்பு. ஐந்தாம் குறளின் ‘மாட்டு’ காசு. தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது, நாளும் மலரும் சரி, அதென்ன காசுக்குப் பக்கத்தில் பிறப்பு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பணத்துக்கும் பிறவிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டேன். திருப்பாவை வரியைப் படித்த பிறகுதான் அவை ஒரே கழுத்தில் கிடந்த ஜோடி என்று உறைத்தது. இலக்கணக்காரர்கள் நகைப்பெட்டியிலிருந்து எடுத்த பெயர்கள் இவை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கும் அந்தப் பழைய பொருள் ஓரிடத்தில் உயிரோடு இருக்கிறது. நகைக்கடையில் காசுமாலை கேட்டால், லட்சுமி உருவம் பதித்த மெல்லிய பொன் வட்டுகளை நெருக்கமாக அடுக்கிக் கோத்த மாலையைக் காட்டுவார்கள். அந்த வட்டு கடையில் செல்லும் நாணயம் இல்லை; அதை யாரும் கொடுத்துப் பொருள் வாங்குவதில்லை. ஆனாலும் அதற்குப் பெயர் காசு. நாணயத்தைப் பார்த்து நகை செய்ததால் காசுமாலை என்று வந்ததா, நகையே முதலில் காசா என்று கேட்டால் இரண்டும் கலந்துதான் கிடக்கின்றன.

இதற்கு நடுவே, காசுக்கு நேர் எதிரான இன்னொரு பொருளும் உண்டு: குற்றம், மாசு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் புகழும் வரி பலருக்கும் மனப்பாடம்: “மாசறு பொன்னே வலம்புரி முத்தே காசறு விரையே கரும்பே தேனே.” காசறு விரை என்றால் காசில்லாத வாசனை என்று சிரித்துவிடக் கூடாது. குற்றமற்ற நறுமணம் என்று பொருள். இந்தக் காசும் அந்தக் காசும் ஒரே வேரா, எழுத்தில் மட்டும் ஒன்றா என்ற வழக்கை அகராதிக்காரர்களிடம் விட்டுவிடுவோம். பிற்காலத்துக் கோவலன் இருந்த நிலையில் ‘காசறு’ என்பது இரண்டு விதத்திலும் பொருந்தும் என்பது வேறு விஷயம்.

எடை போட்ட பொன்

மணியாகக் கிடந்த காசு நாணயமானது எப்போது என்று ஒரு தேதி சொல்ல முடியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை. பொன்னை ஒரே அளவில் துண்டாக்கி, ஒரே எடையில் வடித்து, மேலே ஒரு முத்திரை அழுத்தினால் அதை மாலையில் கோக்கலாம், கடையிலும் கொடுக்கலாம். இரண்டையும் செய்தவர் ஒரே பொற்கொல்லர். தமிழில் ‘அக்கசாலை’ என்ற சொல் பொற்கொல்லர் பட்டறையையும் குறிக்கும், நாணயம் அடிக்கும் இடத்தையும் குறிக்கும். சொல்லே இரண்டு வேலையையும் பிரிக்கவில்லை.

சொல்லின் வேர் பற்றி இரண்டு கருத்து உண்டு. ஒன்று, வடமொழியில் ‘கர்ஷம்’ என்றொரு எடை அளவு. அதன் பெயரால்தான் பழைய வட இந்திய வெள்ளிக்காசு ‘கார்ஷாபணம்’ ஆனது. அந்தக் கர்ஷமே தெற்கே வந்து ரகரம் தேய்ந்து காசு ஆயிற்று என்பது. இன்னொன்று, இது திராவிட மொழிகளுக்குள்ளேயே பிறந்த சொல் என்பது. தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு எல்லாவற்றிலும் இது பரவியிருப்பதை இரண்டாம் தரப்பு காட்டும். எடையின் பெயர் என்றால் பழைய பாடல்களில் ஏன் மணியாகவும் நகையாகவும் தலைகாட்டுகிறது என்பது முதல் தரப்பு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பொன்மணியையும் எடை போட்டுத்தான் செய்தார்கள் என்று அவர்கள் சொன்னால் அதையும் மறுப்பதற்கில்லை.

நாணயமாகக் காசு முழு வீச்சில் தெரிவது கல்வெட்டுகளில்தான். அங்கே பொன்னின் எடையை விதைகளால் அளந்தார்கள். சிவப்பும் கறுப்புமாக இருக்கும் குன்றிமணி இரண்டு சேர்ந்தால் ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, ஏறக்குறைய 5 கிராம். முதலாம் ராஜராஜன் (985 - 1014) காலத்தில் காசு ஒன்று அரைக் கழஞ்சுப் பொன்னுக்கு ஈடு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தால், கோயிலின் காசை ஊர்ச் சபைகளிடம் கடனாகக் கொடுத்து வைத்திருப்பது தெரியும். வட்டி, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. வங்கி என்ற சொல் இல்லாமலேயே வங்கி வேலை நடந்திருக்கிறது.

அந்தக் காலத்து ஆவணங்களில் வெறும் காசு என்று விட்டுவிட மாட்டார்கள். பழங்காசு, ஈழக்காசு, அன்றாடு நற்காசு என்று அடைமொழி போடுவார்கள். அன்றாடு நற்காசு என்றால் அன்றைக்குப் புழக்கத்தில் உள்ள, குறையில்லாத காசு. இப்படி அழுத்திச் சொல்ல என்ன அவசியம்? இன்று நூறு ரூபாய்த் தாள் கசங்கியிருந்தாலும் நூறு ரூபாய்தான். அன்று அப்படி இல்லை. நாணயத்தின் மதிப்பு அதிலிருந்த பொன்னில் இருந்தது. தேய்ந்தால் குறையும், செம்பு கலந்தால் குறையும். வாங்குகிறவர் உரசிப் பார்த்து, இவ்வளவு கழித்துக்கொள்வேன் என்பார். அந்தக் கழிவுக்கு ‘வாசி’ என்று பெயர்; பின்னாளில் ‘வட்டம்’ என்றார்கள்.

வாசியை விளக்க, கல்வெட்டைவிட நல்ல உதாரணம் தேவாரத்தில் கிடைக்கிறது. பெரியபுராணம் சொல்லும் கதை இது. திருவீழிமிழலையில் பஞ்சம். அப்பரும் சம்பந்தரும் அடியார்களோடு அங்கே தங்கியிருக்கிறார்கள். இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசு படியாக வைத்து அருளுகிறான், படிக்காசு. அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சோறு ஆகிவிடுகிறது. சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று விசாரித்தால், கடைக்காரர்கள் அப்பருக்கு வந்த காசை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள், சம்பந்தருக்கு வந்த காசுக்கு வாசி கேட்கிறார்கள். அந்தப் பேரம் முடிவதற்குள் நேரம் போய்விடுகிறது. அப்பர் உழவாரம் பிடித்து உடலால் வேலை செய்கிறவர், அதனால் அவருக்கு நல்ல காசு என்று கதை காரணம் சொல்லும். சம்பந்தர் நேராகக் கோயிலுக்குப் போய்ப் பாடினார்:

“வாசி தீரவே காசு நல்குவீர்
மாசின் மிழலையீர் ஏசல் இல்லையே.”

கழிவு கேட்காத காசாகக் கொடுங்கள், உங்களுக்கும் பழி வராது. கடவுளிடமே நாணயத்தின் தரம் பற்றி முறையிட்ட பாட்டு இதைவிட வேறொன்று இருக்குமா, தெரியவில்லை. ‘செல்லாக்காசு’ என்று இன்று ஒருவரைத் திட்டும்போது நாம் பயன்படுத்துவது இந்த உலகத்து அனுபவத்தைத்தான். பார்க்கக் காசு போலவே இருக்கும், கொடுத்தால் எடுபடாது.

பெட்டியும் காசும்

இனி வாட்ஸ்அப் பட்டியலுக்கு வரலாம்.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபின் போர்த்துக்கீசியர் நம் கடற்கரைகளில் காலூன்றினார்கள். 1511இல் மலாக்காவையும் பிடித்தார்கள். சந்தையில் சில்லறையைக் ‘காசு’ என்று சொல்வது அவர்கள் காதில் விழுந்தது. அவர்கள் மொழியில் ஏற்கெனவே ‘கைஷா’ என்றொரு சொல் உண்டு. பெட்டி என்று பொருள். புதுச் சொல்லைக் கேட்கிறவர் தனக்குப் பழகிய சொல்லின் சாயலில்தானே பிடித்துக்கொள்வார்? காசும் அவர்கள் வாயில் ‘கைஷா’ ஆனது. அதை ஆங்கிலேயர் வாங்கி ‘கேஷ்’ ஆக்கினார்கள். தென்னிந்தியாவின் சிறு செப்புக்காசுக்கு அந்தப் பெயர் நின்றது. மலாய்த் தீவுகளிலும் சீனத்திலும் புழங்கிய மலிவான காசுகளுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். நடுவில் சதுரத் துளையுள்ள சீனக் காசைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சீனர்கள் அதைத் தங்கள் மொழியில் வேறு பெயரால் அழைத்தார்கள். ஆனால் இன்றுவரை நாணயச் சேகரிப்பாளர்கள் ஆங்கிலத்தில் அதைச் சொல்வது ‘கேஷ்’ என்றுதான்.

இந்த அளவில் பட்டியல்காரர்கள் சொல்வது உண்மை. அந்தக் கேஷ் நம் காசுதான்.

ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் இருக்கிறது. “கேஷா, கார்டா?” என்று கடையில் கேட்கிறார்களே, அது. அதன் வழி வேறு. லத்தீனில் ‘கப்ஸா’ என்றால் பெட்டி. அது இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கேஸ்’ என்று ஆனது. வணிகர்கள் பணம் வைக்கும் பெட்டிக்குப் பெயராக அது ஆங்கிலத்துக்குப் போய், பெட்டியின் பெயரே பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கும் ஆகிவிட்டது. நாம் ‘கல்லாவில் எவ்வளவு?’ என்று கேட்பது போல. கேஷியர் என்பவரும் இந்தப் பெட்டிக்காரர்தான். ஆங்கிலத்தின் பெரிய அகராதிகள் இந்த இரண்டு கேஷையும் இரண்டு தனிச் சொற்களாகவே கொடுக்கின்றன. யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி, காசிலிருந்து வந்த கேஷை எடுத்துக்கொண்டு, இதைப் பெட்டியிலிருந்து வந்ததோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்ற முறையில்தான் விளக்குகிறது.

குழப்பத்துக்கு இன்னொரு சுற்றும் உண்டு. போர்த்துக்கீசியரின் கைஷாவும் அதே லத்தீன் கப்ஸாவின் பிள்ளைதான். அதாவது நம் காசு ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் ஒரு பெட்டியின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனது. அங்கே ஏற்கெனவே குடியிருந்த இன்னொரு பெட்டியைச் சந்தித்தது. இரண்டும் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. எது யார் பிள்ளை என்று பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

பட்டியலைத் திருத்துவதாக இருந்தால் இப்படித் திருத்தலாம்: கடைவாசலில் கேட்கும் கேஷ் நம்முடையது இல்லை, அருங்காட்சியகத்தில் இருக்கும் கேஷ் நம்முடையது. பகிர்வதற்கு இது அவ்வளவு எடுப்பாக இருக்காதுதான். ஆனால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. சீனக் காசுகளைத் துளை வழியே கயிற்றில் சரம் சரமாகக் கோத்து வைப்பார்கள். கோத்து அணியும் மணிக்குப் பெயராக இருந்த சொல், எத்தனையோ கைமாறி, கடைசியில் கயிற்றில் கோத்த நாணயத்தின் மேல் போய் உட்கார்ந்தது. யாரும் திட்டமிடவில்லை, தற்செயல்தான்.

தங்கத்திலிருந்து செம்புக்கு

ராஜராஜன் காலத்தில் அரைக் கழஞ்சுப் பொன்னாக இருந்த காசு, ஐரோப்பியர் வந்தபோது சில்லறை ஆகிவிட்டிருந்தது. எவ்வளவு சில்லறை? சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு இது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். வராகன்தான் பொன். பெருக்கிப் பார்த்தால் ஒரு வராகனுக்கு 3,360 காசு.

கவனித்தீர்களா, இந்தக் கணக்கில் ‘பணம்’ என்பதும் ஒரு நாணயம்தான். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய பொன், வெள்ளித் துண்டுகளைப் பணம் என்றார்கள். ஆங்கிலேயர் அதை ‘பேனம்’ ஆக்கினார்கள். காசுக்கு நடந்ததே அதற்கும் நடந்தது. ஒரு குறிப்பிட்ட நாணயத்தின் பெயர், நாணயம் ஒழிந்த பிறகு, செல்வம் முழுவதற்கும் பெயராகிவிட்டது. துட்டும் அப்படித்தான். டச்சுக்காரர்களின் ‘டொய்ட்’ என்ற செப்புக்காசு நம் ஊரில் துட்டு ஆனது.

கம்பெனி 1803இல் 1, 5, 10, 20 காசு மதிப்புள்ள செப்பு நாணயங்களை இங்கிலாந்தின் பர்மிங்காமில் சோஹோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரத்தால் அடித்துச் சென்னைக்கு அனுப்பியது. தமிழ்ச் சொல்லைத் தாங்கிய நாணயம் ஆங்கிலத் தொழிற்சாலையில் அச்சாகிக் கப்பலேறி வந்தது. எல்லாக் கப்பலும் வந்து சேரவில்லை. 10 காசும் 20 காசும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழித்து முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். சென்னைச் சந்தைக்கு வந்திருக்க வேண்டிய சில்லறை இன்று சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் கிடக்கிறது. சென்னை மாகாணம் 1818இல் ரூபாய், அணா, பைக் கணக்குக்கு மாறியதும் காசு அங்கே அதிகாரபூர்வமான அலகாக இல்லாமல் போனது.

ஆனால் எல்லா இடத்திலும் ஒழிந்துவிடவில்லை. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனிஷ்காரர்கள் தங்கள் செப்பு நாணயத்துக்குக் ‘காஸ்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்ற கணக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஓடியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை அந்தப் பக்கம் இருந்ததால், அங்கே பழைய ஆட்கள் பேச்சில் ‘சக்கரம்’ பணத்துக்குப் பெயராகவே நின்றது.

இவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது புதுக்கோட்டையின் அம்மன் காசு. தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட, மிகச் சிறிய செப்பு நாணயம். ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்றிருக்கும். அணாவில் இருபதில் ஒரு பங்கு. ஒரு ரூபாய்க்கு 320 அம்மன் காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசைத் தானமாகக் கொடுப்பது வழக்கம். அந்த அம்மனுக்கே ‘அரைக்காசு அம்மன்’ என்று பெயர் வந்துவிட்டது. வீட்டில் சாவியோ மோதிரமோ தொலைந்துபோனால் அவளிடம் வேண்டிக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தியாவின் நாணயங்களில் தெய்வங்கள் நிறைய உண்டு. நாணயத்தால் பெயர் பெற்ற தெய்வம் வேறு எனக்குத் தெரியாது.

“அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம்” என்ற சொலவடையில் வரும் அரைக்காசும் இப்படிப்பட்ட, ஆகக் கடைசிச் சில்லறைதான். அதன் ருசியே, இதற்குக் கீழே ஒன்றுமில்லை என்கிற அளவுக்குக் காசு இறங்கிவிட்டிருந்ததில் இருக்கிறது. ராஜராஜன் காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால், கால் கழஞ்சுப் பொன் மோசமான சம்பளமா என்று கேட்டிருப்பார்கள்.

காசோலையில் எழுதியது

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா பதின்மக் கணக்குக்கு மாறியது. பதினாறு அணாவாக இருந்த ரூபாய் நூறு நயா பைசாவானது. அரசு வைத்த பெயர் பைசா; தமிழில் அதற்கு ஏற்கெனவே பழகிய பெயராக இருந்தது காசு. ஐந்து காசு, பத்துக் காசு, இருபத்தைந்து காசு என்று அது மறுபடியும் எண்ணுகிற அலகானது. பழைய அணாவும் போகவில்லை: இருபத்தைந்து காசை நாலணா என்றும், ஐம்பது காசை எட்டணா என்றும் சொல்வது தொடர்ந்தது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போயின. ஐம்பது காசு சட்டப்படி இன்னும் செல்லும். கடையில் கொடுத்துப் பார்த்தால், வாசி கேட்கக்கூட மாட்டார்கள், சிரிப்பார்கள்.

எண்ணுகிற வேலை குறையக் குறைய, பொதுப்பொருள் ஓங்கிவிட்டது. காசுள்ளவன், காசைக் கரியாக்குகிறான், காசுக்கு ஆகாது என்று சொல்லும்போது யாரும் செப்புத் துண்டை நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் கேஷ் என்று சொல்லும் கைப்பணத்துக்கு நம்மிடம் ‘ரொக்கம்’ என்று தனிச்சொல் இருக்கிறது. ஆகையால் “ரொக்கமாகக் காசு கொடுத்தான்” என்று சொல்லலாம். அதில் ஒன்றும் கூறியது கூறல் இல்லை.

புதுச் சொற்களைக் கட்டியவர்களும் காசைத்தான் எடுத்தார்கள். வங்கிச் செக்குக்குக் காசோலை என்றார்கள். காசும் ஓலையும் சேர்ந்த, கேட்டவுடன் விளங்குகிற சொல். கேஷியர் காசாளர் ஆனார். இந்தக் காசாளரில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. கேஷியர், முன்பே சொன்னபடி, பெட்டியிலிருந்து வந்தவர். அவருக்கும் நம் காசுக்கும் ரத்த உறவு கிடையாது. ஆனால் தமிழாக்கியவருக்குப் பொருளும் பொருந்தியது, ஒலியும் பொருந்தியது. வாட்ஸ்அப் பட்டியல் தப்பாகச் சேர்த்து வைத்த இரண்டு சொற்களும் சரியாகச் சேர்ந்திருப்பது வங்கியில் அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் பலகையில்தான்.